கரை தெரியாத நாட்கள்

கலிபோர்னியாவை ஒட்டியுள்ள சில தீவுகளைத் தாண்டிவிட்டால் ஹவாய் வரை கண்ணில் பட ஒரு பாறைகூடக் கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹொனலூலுவுக்கு ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர். விமானம் ஆறு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் இந்த நீர்ப்பரப்பைக் கடக்கக் கப்பலுக்கு ஐந்து நாள் வேண்டும். பயண அட்டவணையில் அந்த நாட்களுக்கு எதிரே ஊர்ப்பெயர் எதுவும் இருக்காது, ‘கடலில்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அம்மா, மனைவி, மகளோடு ஓர் அக்டோபரில் அந்த வழியில் போனேன். கப்பலில் நீச்சல் குளமும் நாடக அரங்கும் இருந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்களைக் கட்டிப்போட்டது வெளியே இருந்த கடல்.

முதலில் நிறம். கரையோரத்தில் குளிர்ந்த அடிநீர் மேலே வந்து சத்தைக் கொட்டுவதால், அங்கே பாசியும் மிதவை உயிர்களும் பெருகிக் கடல் பச்சையாகத் தெரியும். மேற்கே போகப் போகச் சத்துக் குறையும், பச்சையும் விலகும். பிறகு ஒரு நீலம் வரும். சூரிய ஒளியின் சிவப்பை நீர் முதலில் விழுங்கிவிடுகிறது. ஆழம் வரை போய்த் திரும்பி வருவது நீலம் ஒன்றுதான். அம்மா மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “கடல்வண்ணன்னு ஆயுசு முழுக்கச் சொல்லிட்டிருந்தேன். அந்த வண்ணத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன்டா” என்றார்.

இந்த நீலத்தைக் கடலின் பாலைவனம் என்பார்கள். அந்தப் பாலைவனத்திலும் ஒரு சொட்டு நீரை எடுத்தால் ஆயிரக்கணக்கான உயிர்கள் இருக்கும். புரோகுளோரோகாக்கஸ் என்ற அந்த நுண்ணுயிரின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாலி சிசோம் என்ற அமெரிக்க அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் உயிரணுக்களை எண்ணும் கருவி ஒன்றைக் கப்பலில் ஏற்றிக் கடல்நீரைச் சோதித்தபோதுதான் இது அகப்பட்டது. 1988-இல் உலகுக்கு அறிவித்தார்கள். பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதற்கு இணை வேறில்லை. மனிதன் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நமக்கான மூச்சுக்காற்றில் ஒரு பங்கை இந்த உயிர் ஆக்கிக்கொண்டிருக்கிறது. நாம் அதைக் கண்டு சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. கைம்மாறு கேட்காத கொடை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

பகலில் இப்படியென்றால், இரவில் நடப்பது இதைவிடப் பெரிது. நாங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரும் அதே அந்தி வேளையில், கப்பலுக்கு அடியில் ஒரு பேரூர்வலம் கிளம்பும். 1942-இல், போர்க்காலத்தில், சான் டியாகோவுக்கு அப்பால் கடலுக்குள் ஒலியை அனுப்பிச் சோதித்தவர்களுக்குச் சில நூறு மீட்டர் ஆழத்திலேயே எதிரொலி கேட்டது. கடலின் தரையோ அதற்கும் வெகு கீழே இருந்தது. அங்கே தரைபோல விரிந்து கிடந்தது என்ன? ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் 1945-இல் இரவுபகலாக அதைக் கவனித்தார். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மேலே வந்தது, விடியும்போது இறங்கிப்போனது. தரையாக இருந்தால் ஏறி இறங்குமா? அது முழுக்க உயிர்கள்: சிறு மீன்கள், கணவாய்கள், இறால் இனங்கள், கண்ணாடிபோன்ற இழுது உயிர்கள். பகலெல்லாம் இருட்டில் பதுங்கியிருந்துவிட்டு இரவில் மேலே வந்து இரை தேடுகின்றன. உலகத்தின் எல்லாப் பெருங்கடல்களிலும், ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது.

அவற்றில் விளக்கு மீன் என்று ஒன்று உண்டு. விரல் நீளம்தான். வயிற்றில் வரிசையாக ஒளிப்புள்ளிகள் இருக்கும். மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறதோ அவ்வளவே வெளிச்சத்தை வயிற்றில் ஏற்றிக்கொள்ளும். கீழிருந்து பார்க்கிற பகைமீனுக்கு இதன் நிழல் தெரியாது. ஒளியாலேயே ஒளிந்துகொள்ள அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் யார்? படைத்தவன் என்ற சொல் என் வாயில் தானாக வருகிறது, அதைத் தடுக்க எனக்கு மனமில்லை.

கருங்கால் அல்பட்ராஸ் ஒன்று ஒரு பிற்பகல் முழுவதும் எங்களோடு வந்தது. இரண்டு மீட்டர் அகலத்துக்கு விரிந்த இறக்கைகள். மகள் அது எத்தனை முறை இறக்கை அடிக்கிறது என்று எண்ணத் தொடங்கி, எண்ண ஒன்றும் இல்லாமல் நிறுத்திவிட்டாள். நீர்மட்டத்தில் காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும்; அந்த வேறுபாட்டில் ஏறி, திரும்பி, சரிந்து, காற்றின் பலத்திலேயே நெடுந்தூரம் போகிறது. தாகம் எடுத்தால் கடல்நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி உப்பைப் பிரித்து மூக்கின் வழியாக வடித்துவிடும்.

ஆனாலும் என்னை முழுதாக மடக்கிப் போட்டது ஒரு சின்னப் பறவைதான். ஹொனலூலுவில் இறங்கி நடந்தபோது, பூங்காவின் புல்தரையில் பழுப்பும் பொன்னுமாகப் புள்ளியிட்ட உப்புக்கொத்தி ஒன்று நாலடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஹவாய் மக்கள் இதைக் கோலேயா என்கிறார்கள். சாதாரண நாளில் இதன் எடை நூற்றைம்பது கிராமை எட்டாது. கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு அலாஸ்காவிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டரை மூன்று நான்கு நாளில் இறக்கை அடித்தபடியே கடந்து இங்கே வருகிறது. நடுவில் இறங்க நிலம் இல்லை. நீரில் மிதந்து இளைப்பாறும் பறவையும் இல்லை இது. எங்கள் கப்பல் அத்தனை எந்திரத்தோடும் எண்ணெயோடும் இதைவிடக் குறைந்த தூரத்துக்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டது.

தாய்ப்பறவைகளும் தந்தைப்பறவைகளும் கோடை முடியும்போதே முன்னால் வந்துவிடுகின்றன. அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட மூத்த பறவை ஒன்றும் இல்லாமல் புறப்படுகின்றன. ஹவாயை அவை பார்த்ததே இல்லை. அந்தப் பெருங்கடலில் திசை கொஞ்சம் பிசகினாலும் தீவு தவறிவிடும், பிறகு நீர் மட்டும்தான். இருந்தும் ஆண்டுதோறும் வந்து சேர்கின்றன. சேர்ந்து, ஒரு புல்தரையைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்ட பறவை, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடத்துக்குத் திரும்புகிறது.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் வேதாரண்யம் பக்கம். அந்தப் பறவையைக் குனிந்து பார்த்துவிட்டு, “இது நம்ம கோடியக்கரை அளத்துல நிக்குமே” என்றார். அவர் சொன்னது சரிதான். இதே இனத்தில் சைபீரியப் பனிவெளியில் பொரிப்பவற்றில் சில பனிக்காலத்தைக் கழிக்க நம் கரைக்கு வருகின்றன.

“அதுங்களுக்கும் யாரும் வழி சொல்லலையா, பாட்டி?” என்று மகள் கேட்டாள்.

“சொல்லாமலா வந்து சேருது?” என்றார் அம்மா.