ஆர்னிக்கா (ஓமியோபதி மருந்து)

ஆர்னிக்கா என்பது ஐரோப்பாவின் மலைப் புல்வெளிகளில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்னிக்கா மொன்டானா என்னும் செடியிலிருந்து தயாரிக்கப்படும் ஓமியோபதி மருந்தாகும். அடிபட்ட வீக்கம், சுளுக்கு, கன்றிப்போன காயம் ஆகியவற்றுக்கு இது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. விளையாட்டில் கை கால்களில் அடிபடும் குழந்தைகளுக்கும் பெற்றோர் இதனைக் கொடுப்பதுண்டு.

தயாரிப்பு

ஓமியோபதி முறையை செருமானிய மருத்துவர் சாமுவேல் ஆனிமன் 1796 இல் முன்வைத்தார். இம்முறையில் மூலப்பொருள் திரும்பத் திரும்ப நீர்க்கப்படுகிறது. 30சி என்பது ஒரு பங்கை 100 பங்காக நீர்ப்பதை 30 முறை செய்ததைக் குறிக்கும். ஏறத்தாழ 12சி அளவைத் தாண்டியபின் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இதன் பயனைச் சோதனை மூலமே உறுதிசெய்ய வேண்டியுள்ளது.

சோதனை முறை

சிறு காயங்களின் வலி பொதுவாகச் சில நாட்களில் தானாகவே குறையும். ஆகவே மருந்து கொடுத்தபின் வலி தணிந்தது என்பது மட்டும் சான்றாகாது. இதற்காகக் குழந்தைகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். ஒரு குழுவுக்கு மருந்தும், மற்றதற்கு அதேபோல் தோற்றமளிக்கும் மருந்துப்போலியும் தரப்படும். யாருக்கு எது கிடைத்தது என்பது குழந்தைக்கோ, பெற்றோருக்கோ, மருத்துவருக்கோ தெரியாது. இது இரட்டை மறைப்புச் சோதனை எனப்படும். பெற்றோரின் நம்பிக்கை குழந்தையின் வலி பற்றிய மதிப்பீட்டை மாற்றக்கூடும் என்பதால், அவர்களிடமும் மறைப்பது அவசியமாகும்.

வலியை அளப்பதற்கு வோங்-பேக்கர் முக அளவுகோல் போன்றவை பயன்படுகின்றன. இதில் சிரிப்பது முதல் அழுவது வரையான 6 முகங்களிலிருந்து குழந்தை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 3 வயதுக்கு மேற்பட்டோருக்கு இது பொருந்தும்.

குழந்தையை வலியில் தவிக்கவிடுவது அறமாகாது. எனவே தேவைப்படும்போது வழக்கமான வலிநிவாரணியைத் தருவதற்குச் சோதனைத் திட்டத்தில் இடமிருக்க வேண்டும். எக்குழுவுக்கு அது அதிகம் தேவைப்பட்டது என்பதும் ஓர் அளவீடாகக் கொள்ளப்படும்.

முடிவுகள்

2003 இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்காக அறுவை சிகிச்சை பெற்ற 64 பெரியவர்களுக்கு ஆர்னிக்கா 30சி, 6சி அல்லது மருந்துப்போலி கொடுக்கப்பட்டது. வலியிலோ கன்றலிலோ குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2015 இல் ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல மருத்துவ ஆராய்ச்சி மன்றம், எந்த நோய்நிலைக்கும் ஓமியோபதி பயனளிப்பதற்கு நம்பகமான சான்று இல்லை என முடிவுசெய்தது.

ஒப்பீட்டுக்கு, 2007 இல் வெளியான கனடிய ஆய்வொன்று 6 முதல் 17 வயது வரையான, காயமடைந்த 300 குழந்தைகளின் தரவுகளைப் பகுத்தாய்ந்தது. 60 நிமிடங்களில் 100 மில்லிமீட்டர் அளவுகோலில் ஐபுபுரோஃபென் சராசரியாக 24 மில்லிமீட்டர் வலியைக் குறைத்தது. பாராசிட்டமாலும் கோடீனும் அதில் பாதியளவே குறைத்தன. வலுவான விளைவு இருப்பின் முறையான சோதனையில் அது வெளிப்படும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பாதுகாப்பு

மிகவும் நீர்க்கப்பட்ட மருந்தில் நேரடித் தீங்கு அரிது. ஆனால் எலும்பு முறிவைச் சுளுக்கெனக் கருதி மாத்திரையுடன் காத்திருப்பது ஆபத்தானது. உறுப்பு வளைந்திருத்தல், காலை ஊன்ற இயலாமை, மரத்துப்போதல், கடும் வீக்கம் ஆகியன காணப்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். நீர்க்கப்படாத ஆர்னிக்காச் செடியை உட்கொள்வது நச்சுத்தன்மை வாய்ந்தது.