மிஸ் அடிக்கிற சத்தம்

தாம்பரம் பக்கத்துப் பட்டறைகளில் ‘மிஸ்ஃபையர்’ என்ற சொல் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ‘வண்டி மிஸ் அடிக்குது’ என்பதுதான் பேச்சு. நான்கு சிலிண்டர்களில் ஒன்று எரியாமல் விட்டால் என்ஜின் நொண்டும், மேட்டில் இழுக்காது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். அந்த நோய் அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கிய காலம் ஒன்று இருந்தது. 1961 முதல் அங்கே ஹெரால்டு கார்கள் உருவாயின. 948 சிசி, நான்கு சிலிண்டர். ஹெரால்டோ அம்பாசிடரோ ஃபியட்டோ, எதுவானாலும் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துத் தீப்பொறி தர ஒரே காயில், அதைப் பங்கிட ஒரே டெல்கோ. டிஸ்ட்ரிபியூட்டரை மெக்கானிக்குகள் டெல்கோ என்றே சொல்வார்கள். அதன் மூடியைத் திறந்தால் ஒரு ரோட்டர், அடியில் ஒரு ஜோடி பாயிண்ட், பக்கத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு கண்டென்சர். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அந்தப் பாயிண்ட் விநாடிக்கு 100 முறை திறந்து மூடும். தேயாமல் என்ன செய்யும்?

அப்பாவின் பழைய காரைச் சேலையூரில் ஒரு வேப்பமரத்தடிப் பட்டறைக்குக் கொண்டுபோவோம். மேஸ்திரி முதலில் எதையும் தொட மாட்டார். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு துணியைச் சுற்றிய கையால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக உருவுவார். ஒன்றை உருவியதும் என்ஜின் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று பொருள். உருவியும் சத்தம் மாறாவிட்டால் நோயாளி அதுதான். அந்தப் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். செங்கல் நிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கார்பரேட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது. ஈரமாகப் பெட்ரோல் வாசம் அடித்தால் தீப்பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் அவர் முகம் மாறும். அது பிஸ்டன் ரிங் தேய்ந்ததற்கு அடையாளம், செலவு பெரிது.

பெரும்பாலும் பாயிண்டில்தான் கோளாறு. உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு இழுப்பார். இடைவெளியைத் தகட்டால் அளந்து, அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து பங்காக வைப்பார். தகடு இல்லாத நாளில் ஒரு தபால் கார்டின் ஓரமே போதும் என்பார். அரை மணி நேரத்தில் வண்டி வீடு திரும்பும். ஆனால் சில மாதங்களில் மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கும். இதையும் சேர்த்துத்தான் நினைவுகூர வேண்டும். மழைக்காலக் காலையில் டெல்கோ மூடிக்குள் ஈரம் இறங்கி, வண்டி கிளம்பாமல், நாங்கள் தெருமுனைவரை தள்ளிய நாட்கள் அநேகம்.

இன்று பாயிண்ட் இல்லை, டெல்கோ இல்லை. புதுப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. அன்று 10,000 கிலோமீட்டரைத் தாண்டினால் பிளக் கிழம். இரிடியம் பிளக் இன்று லட்சம் கிலோமீட்டர்வரை தாங்குகிறது. மேஸ்திரியின் காது செய்ததை ஒரு சென்சார் செய்கிறது. சிலிண்டர் எரியும் ஒவ்வொரு முறையும் கிராங்க் தண்டு ஒரு நூலிழை வேகம் கூடும். எரியாவிட்டால் அந்த உந்துதல் வராது. கம்ப்யூட்டர் அதை எண்ணிக்கொண்டே இருந்து, அளவு மீறினால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. ஸ்கேனரைச் செருகினால் P0301 என்றால் முதல் சிலிண்டர், P0302 என்றால் இரண்டாவது. பல சிலிண்டர்களில் மாறி மாறி விட்டால் P0300.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும். அன்று மிஸ் அடிக்கிற வண்டியை நொண்ட நொண்டச் செங்கல்பட்டுவரை ஓட்டிப் போனவர்கள் உண்டு. இன்று எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேனடை போன்ற உட்பகுதியை உருக்கிவிடும். 1995 முதல் சென்னையின் புதுப் பெட்ரோல் கார்களில் அந்தக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோலும் நாட்டைவிட்டுப் போனது. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துக்கு நின்ற எங்கள் தலைமுறை மூச்சில் வாங்கிய ஈயத்தை என் பேத்தி வாங்குவதில்லை. இதற்கு ஈடாக எந்தப் பழைய அழகையும் நான் கேட்க மாட்டேன்.

போன ஐப்பசி மழையில் என் கார் மிஸ் அடித்தது. முடிச்சூர் சாலைப் பட்டறையில் இருந்த இளைஞர் ஸ்கேனரைச் செருகினார். P0302.

“ரெண்டாவது சிலிண்டர்னு சொல்லிடுச்சு சார். ஏன்னு அது சொல்லாது. நாமதான் பாக்கணும்.”

இரண்டாவது காயிலை எடுத்து மூன்றாவதில் மாட்டினார். குறையும் கூடவே போனால் காயில் கெட்டது. போகவில்லை, P0302 அப்படியே நின்றது. பிளக்குகளை இடம் மாற்றினார். அப்போதும் அதேதான். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நீளமான திருப்புளியின் முனையை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார்களே, அதே பொறுமை. ஒன்று, மூன்று, நான்கில் சீரான ‘டிக் டிக்’. இரண்டாவதில் விட்டு விட்டு.

அந்த இன்ஜெக்டரின் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். மழைக்கு ஒதுங்கிய எலி கடித்திருந்தது. உறை கிழிந்து, செம்புக் கம்பியில் இரண்டே இழை மிச்சம். அவையும் பச்சை பூத்திருந்தன. வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டி, உறை போட்டார்.

“இப்படிக் கேட்க யாரு தம்பி சொல்லிக் குடுத்தது?” என்றேன்.

“எங்க மேஸ்திரி சார். அவருக்கு ஸ்கேனர் பிடிக்காது. நானும் அவர்கிட்டதான் ரெண்டு வருஷம் பிளக் தேச்சேன்.”

இப்போது இந்த இளைஞரிடம் பிளக் தேய்க்கும் பையன் யாரும் இல்லை. தேய்ப்பதற்குப் பிளக்கும் வருவதில்லை. சாவியைத் திருப்பினேன். அவர் ஸ்கேனர் திரையைப் பார்க்காமல், தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார்.