மகாலுக்குள் இருந்த கோர்ட்

நம்மூர் வெம்பக்கோட்டை அகழாய்வைப் பார்த்தவர்கள் அடுத்து மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் இன்று மிஞ்சியிருப்பது கால்வாசிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். அதற்கப்புறம் 1970 வரை இங்கே ஜில்லா கோர்ட்! மகாலின் சொர்க்கவிலாச மண்டபத்தில் நிமிர்ந்து பாருங்கள். இதழ் இதழாக மடிந்த வளைவுகள் வெறும் செங்கல். மேலே சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு. அந்த வழவழப்பில் கீறிப் பேர் எழுதுகிறவர்களை என்ன சொல்ல? அந்த மண்டபத்தின் குவிமாடத்தைத் தாங்க உத்திரம் கிடையாது. சாயங்காலம் ஒலி-ஒளிக் காட்சியும் உண்டு.