ஐம்பது விண்ணப்பங்களும் ஒரு கடிதமும்

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1976-இல் அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். மனமோ உயிரியலை நாடியது. சான் டியேகோவுக்குப் போய், மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் பற்றி 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் வந்த ஒரு கட்டுரை அவரை இழுத்தது. அதை எழுதியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் எங்கல்மனும் பீட்டர் மூரும். எங்கல்மனுக்குக் கடிதம் போட்டார். மூரின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. 2009-இல் நோபல் பரிசு வரை கொண்டுபோன ரைபோசோம் ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும், ஆய்வாளர்கள் 'போஸ்ட்டாக்' என்று சொல்லும் அந்த வேலை இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை எந்த நாட்டவருக்கும், எந்தத் துறைக்கும் உதவித்தொகை தருகிறது. ஆனால், அங்குள்ள ஒரு பேராசிரியர் 'வாருங்கள்' என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இந்தியாவின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கும் வழிகாட்டும் விஞ்ஞானியின் சம்மதம் தேவை. அதாவது, பணத்துக்கு முன்னால் ஆளைத் தேட வேண்டும்.

'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, பெயரைக்கூடச் சேர்க்காமல் நூறு பேருக்கு ஒரே நாளில் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது. நாம் எழுதும் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விடை கிடைக்காத ஒரு கேள்வியைச் சுட்டிக்காட்டி, அதற்கு நம் கைவசம் என்ன திறமை இருக்கிறது என்று நான்கைந்து வரிகளில் சொல்லும் கடிதம் படிக்கப்படும்.

முனைவர் பட்டத்துக்குச் சேரும்போது கதை வேறு. இங்கே முதல் கேள்வியே பணம்தான். இந்தியாவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் 'நெட்' என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். 2023 ஜனவரி 1 முதல் உயர்த்தப்பட்ட தொகை இது. வயது வரம்பு 30. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் தளர்வு உண்டு.

அந்த உதவித்தொகை கிடைக்காதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கிடைப்பது மாதம் 8,000. அதையும் 2015-இல் நிறுத்த முடிவெடுத்தார்கள். டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்த பிறகே அது தொடர்ந்தது. ஒரே ஆய்வகத்தில், ஒரே கைடிடம், ஒரே நேரம் உழைக்கும் இருவருக்கு 37,000-உம் 8,000-உம் என்பது அநீதி. விடுதி, சாப்பாட்டுச் செலவு போனால் அந்த 8,000-இல் என்ன மிஞ்சும்? வீட்டுக்கு நாலு காசு அனுப்ப வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரி ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு வேலை தேடிப் போவது இதனால்தான்.

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பலர் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். ஒப்பந்தம், சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. பெரும்பாலும் அரைப் பணி, முக்கால் பணி என்று கணக்கிட்டுத்தான் சம்பளம் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டும். அங்கும் நிரந்தரம் எளிதல்ல. பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு என்று தற்காலிகப் பணிக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காமல் தவிப்பவர்கள் 2021-இல் சமூக ஊடகங்களில் திரண்டு குரல் எழுப்பினார்கள்.

போஸ்ட்டாக் முடித்த ராமகிருஷ்ணனும் அந்தத் தவிப்பை அறிந்தவர். பேராசிரியர் வேலை கேட்டு ஏறக்குறைய 50 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஓர் இடத்திலும் வேலை கிடைக்கவில்லை. 1983-இல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே பன்னிரண்டு ஆண்டுகள், ரைபோசோம் ஆய்வை விடாமல் தொடர்ந்தார்.