ஒழுக்கப் பிறழ்வும் உயிர்ப்பறிப்பும்: சட்டச் சலுகையின் எல்லை

ஒழுக்கம் தவறிய மனைவியையோ அவளுடன் உறவு கொண்டவனையோ கொன்றவனைச் சட்டம் மன்னித்துவிடும் என்ற எண்ணம் நம் மக்களிடையே உண்டு. ஷரீஅத்தும் அதனையே கூறுகிறது என்போரும் உளர். இரண்டும் ஆய்வுக்குரியவை.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவிலிருந்த முதல் விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. அதில் விபச்சாரம் என்ற சொல்லே இல்லை. கடுமையாகவும் திடீரெனவும் ஆத்திரமூட்டப்பட்டு, தன்னடக்கம் இழந்த நிலையில் ஒருவர் கொன்றால், குற்றத்தின் தரம் கொலையினின்றும் ஒருபடி குறையும். இது தண்டனைக் குறைப்பே, விடுதலை அன்று.

இதன் எல்லையைத் தெளிவாக்கியது கடற்படை அதிகாரி கே. எம். நானாவதியின் வழக்கு. 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் அவருடைய மனைவி தம் தகாத உறவை ஒப்புக்கொண்டார். நானாவதி குடும்பத்தாரைத் திரையரங்கில் விட்டுவிட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கி பெற்று, பிரேம் அஹுஜாவைத் தேடிச் சென்று சுட்டார். ஜூரிகள் 8க்கு 1 என நிரபராதி என்றனர். உயர்நீதிமன்றம் அதனை ஏற்காது ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. இடைப்பட்ட சுமார் மூன்று மணி நேரம் சினம் தணியப் போதுமானது என்பதே காரணம். 1964இல் அவர் பெற்றது ஆளுநரின் மன்னிப்பு. சட்டத்தின் அனுமதி அன்று.

ஷரீஅத்தின் நிலை என்ன? மனைவியுடன் அந்நியனைக் கண்டவன் அவனைக் கொன்றால் தானும் கொல்லப்படுவானே, அவன் என்ன செய்வது என உவைமிர் (ரலி) வினவியதாக ஹதீஸ் உண்டு. கொன்றவன் கிஸாஸுக்கு உள்ளாவான் என்பது அக்கேள்வியிலேயே அடங்கியுள்ளது. கிடைத்த விடை வாள் அன்று. அந்நூர் அத்தியாயத்தின் 6 முதல் 9 வரையிலான வசனங்கள் வகுத்த லிஆன் என்னும் சத்தியப் பிரமாணமும் மணமுறிவுமே ஆகும். விபச்சாரத்தை நிரூபித்தால் கிஸாஸ் நீங்கும் என்ற ஃபுகஹாக்களும், நிரூபிக்காதவனின் சொல்லைத் தீர்ப்புக்கு ஏற்கவில்லை.

அவ்வாறாயின் அரபு நாடுகளின் சட்டங்களில் இச்சலுகை எவ்வாறு புகுந்தது? 1810ஆம் ஆண்டின் பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தின் 324ஆம் பிரிவு, தன் இல்லத்தில் மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்ற கணவனுக்குச் சலுகை தந்தது. அதனையொட்டிய விதி 1858இன் உதுமானியச் சட்டத்திலும், பின்னர் அரபுச் சட்டத் தொகுப்புகளிலும் நுழைந்தது. பிரான்ஸ் 1975இலும், லெபனான் 2011இலும், சிரியா 2020இலும் அதனை நீக்கின.

ஐரோப்பியச் சட்டத்தின் எச்சத்தை மார்க்கத்தின் பெயரால் காப்பது அறியாமை. ஐயம் கொண்ட கணவனுக்கு நீதிமன்றத்தின் வாயிலும், மணமுறிவின் வழியும் திறந்தே உள்ளன. பறித்த உயிரைத் திருப்பித் தரும் வழியோ எவரிடமும் இல்லை.