ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறக்கணும்! கண்ணாடி மாளிகைக்குப் பணம் கொடுத்த கோடீஸ்வரர் போட்ட நிபந்தனை

பூங்காவுக்கு நன்கொடை கொடுப்பவர்கள் என்ன கேட்பார்கள்? கல்வெட்டில் பெயர் கேட்பார்கள். திறப்பு விழாவில் மாலை கேட்பார்கள். அமெரிக்காவில் ஒரு கோடீஸ்வரர் கேட்டது ஞாயிற்றுக்கிழமை!

அவர் பெயர் ஹென்றி பிப்ஸ். ஊர் பிட்ஸ்பர்க். வெங்கடேஸ்வரர் கோவில் இருப்பதால் நம்மவர்களுக்கும் தெரிந்த ஊர்தான். அந்தக் காலத்தில் உருக்காலைப் புகைக்குப் பேர் போன நகரம்.

செருப்புத் தைப்பவர் மகன்

பிப்சின் தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அதே தெருப் பக்கம் வளர்ந்தவர் ஆண்ட்ரூ கார்னிகி. கார்னிகியின் தாயார் பிப்ஸ் வீட்டு ஷூ வேலையை வாங்கித் தைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தினார். பிற்காலத்தில் இந்த இரண்டு பையன்களும் கூட்டாளிகளாகி, உருக்குத் தொழிலில் கோடி கோடியாகக் குவித்தார்கள்.

கண்ணாடி மாளிகைக்காக பிப்ஸ் கொடுத்தது 1 லட்சம் டாலர். மேரி ஷென்லி என்ற சீமாட்டி 1889-ல் நகரத்துக்கு எழுதிக் கொடுத்த பூங்காவில் அது எழுந்தது. 1893-ல் நடந்த சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்திருந்த செடிகளை வாங்கி வந்து உள்ளே வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 7-ந்தேதி மாளிகை திறக்கப்பட்டது.

டிசம்பர் என்றால் அங்கே பனி கொட்டும் காலம். ஆனால் மாளிகைக்குள்ளே பனைகள் நிற்கும்! கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும். சூடான காற்று வெளியே போக வழி கிடையாது. அது போதாத குளிருக்கு கொதிகலன் சூடு. நமக்குப் பனைமரம் சாதாரணம். புகையிலும் பனியிலும் கிடந்தவர்களுக்கு அது அதிசயம்.

ஆட்டத்துக்கே தடை

சரி, ஞாயிற்றுக்கிழமையில் என்ன இருக்கிறது?

பென்சில்வேனியாவில் 1794-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஞாயிறு கர்த்தரின் நாள். உலக வேலை எதுவும் கூடாது, மீறினால் அபராதம். பணம் வாங்கி ஆடும் பேஸ்பால் ஆட்டத்துக்கே 1930-களில்தான் ஞாயிற்றுக்கிழமை அனுமதி கிடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் உழைப்பவனுக்கு ஓய்வு கிடைத்தால் அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் பூட்டிவிட்டால் மாளிகை யாருக்கு? வாரநாளில் வண்டி கட்டி வரும் பணக்காரர்களுக்கு மட்டும்தான். அதனால்தான் பிப்ஸ், ஞாயிற்றுக்கிழமை திறந்தே ஆகவேண்டும் என்று நன்கொடையோடு சேர்த்து நிபந்தனை போட்டார்.

மறுபக்கம்

நல்ல மனசுதான். ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

திறப்பு விழாவுக்கு 17 மாதம் முன்பு, 1892 ஜூலை 6-ந்தேதி, கார்னிகி கம்பெனியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் ரத்தம் ஓடியது. கம்பெனி இறக்கிய கூலிப்படைக்கும் தொழிலாளிகளுக்கும் சண்டை. இரு பக்கமும் உயிர்ச்சேதம். தொழிற்சங்கம் நொறுக்கப்பட்டது. பிப்ஸ் அந்தக் கம்பெனியில் பங்குதாரர்.

உருக்காலைகளில் 12 மணி நேர ஷிப்டு 1923 வரை ஒழியவில்லை. உலைக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பலருக்கு ஞாயிறும் வேலைநாள்தான். கதவு திறந்திருந்தது, உள்ளே போக அவனுக்கு நேரம்?

மாளிகை இன்றும் இருக்கிறது. 1993 முதல் லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறக்கிறது.

நம்ம ஊரிலும் பூங்கா திறக்கிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள். எத்தனை லட்சம் செலவு என்று கேட்கிறோம். கூடவே இன்னொன்றையும் கேட்டு வைப்போம்: கடை சாத்தி, ஆபீஸ் விட்டு வருகிறவனுக்கு கேட் திறந்திருக்குமா?