பதினொரு வரி காணாமல் போன நாள்

2016ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, உலகின் பல ஊர்களில் நிரலாளர்களின் திரையில் ஒரே பிழைச்செய்தி தோன்றியது. ‘லெஃப்ட்-பேட்’ என்ற ஒன்றைக் காணவில்லையாம். பலர் அதன் பெயரையே அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அது வெறும் 11 வரி ஜாவாஸ்கிரிப்ட். சொல்லுக்கோ எண்ணுக்கோ இடப்பக்கத்தில் வெற்றிடமோ பூஜ்யமோ சேர்ப்பதுதான் அதன் வேலை. 7ஐ 007 ஆக்கித் தரும், அவ்வளவே. அதை எழுதிய அஸர் கோச்சுலு, தமது இன்னொரு தொகுப்பின் பெயர் தொடர்பாக ‘கிக்’ நிறுவனத்துடன் பூசலில் இருந்தார். பெயரை நிறுவனத்துக்கே தர ‘என்பிஎம்’ களஞ்சியம் முடிவெடுத்ததும், அங்கு வைத்திருந்த தமது 250க்கும் மேற்பட்ட தொகுப்புகளை மொத்தமாக நீக்கிவிட்டார். பிரபலமான ‘பேபல்’ கருவி வேறொரு தொகுப்பைச் சார்ந்திருந்தது. அந்தத் தொகுப்போ லெஃப்ட்-பேடைச் சார்ந்திருந்தது. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டு வைத்தது. வெளியிட்டு 24 மணி நேரம் கடந்த தொகுப்பை எழுதியவரே எளிதில் நீக்க முடியாது என்று அந்த ஆண்டே விதியும் மாறியது.

அதற்காக எல்லாவற்றையும் சொந்தமாக எழுத வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு பொத்தானைப் புதிதாக வடிவமைப்பது வீண்வேலை. டுவிட்டரில் பணியாற்றிய மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் 2011இல் வெளியிட்ட ‘பூட்ஸ்ட்ராப்’ பரவியதற்கு அதுவே காரணம். பொத்தான், கீழிறங்கும் பட்டியல், மேலெழும் பெட்டி என எல்லாம் தயாராக இருக்கும். குறிப்பிட்ட பெயரைச் சேர்த்தால் போதும்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் எல்லாக் கூறுகளும் அந்தத் தரத்தில் இருப்பதில்லை. பள்ளித் திட்டப்பணிக்காகப் பொத்தான் ஒன்றை நகலெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறமும் நிழலும் அழகு. சொடுக்கினால் வேலையும் செய்கிறது. நிரலைத் திறந்து பார்த்தால், அது ‘பட்டன்’ குறிச்சொல்லே அல்ல. சாதாரண ‘டிவ்’ பெட்டிக்கு சிஎஸ்எஸ் போட்ட வேடம். விசைப்பலகையில் டேப் விசையை அழுத்திப் பாருங்கள், அது அங்கே நிற்காது. என்டர் விசைக்கும் அசையாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதைப் பொத்தான் என்று சொல்லவும் சொல்லாது. உண்மையான பட்டன் குறிச்சொல்லோ இம்மூன்றையும் இலவசமாகத் தருகிறது.

எனவே எந்தக் கூறை எடுத்தாலும் சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை இயக்கிப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. என்னைக் கேட்டால், அழகைவிட இதற்கே முதலிடம். அது வேறு எத்தனை தொகுப்புகளை இழுத்து வருகிறது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, உரிமம் என்ன சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பூட்ஸ்ட்ராப்பின் எம்ஐடி உரிமம் தாராளமானது; இருந்தும் காப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது.

சில நேரங்களில் கூறே தேவைப்படாது. லெஃப்ட்-பேட் செய்த வேலை, ‘பேட்ஸ்டார்ட்’ என்ற பெயரில் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. கேள்வியைச் சொடுக்கினால் பதில் விரியும் பகுதிக்குப் பலரும் இன்னும் தனித் தொகுப்பு தேடுகிறார்கள். எச்டிஎம்எல்லில் ‘டீடெயில்ஸ்’, ‘சம்மரி’ என்று இரண்டு குறிச்சொற்கள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாமல் அவை அதைச் செய்துவிடும்.